கடனுக்கு விசா வேண்டாம்

செங்கல்பட்டு - பீச் மின்சார ரயிலில் ரகசியம் பேச நினைக்கிறவர்கள், அதற்குப் பதில் பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிடலாம். செலவு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பரவுகிற வேகம் ஒன்றேதான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. ஜன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரி ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் பையன் (கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ், வயது இருபத்தாறு, நெற்றியில் தினமும் விபூதி, காதில் தினமும் ஒயர்) குனிந்து, "ஸார், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு கேக்கணும்" என்றான். எதிர் ஸீட்காரர் உடனே பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தயாரானார்.

"துபாய்ல வேலை கிடைச்சிருக்கு ஸார்."

"சபாஷ்!"

"கொஞ்சம் கடன் இருக்கு ஸார்."

"கொஞ்சம்னா?"

விரல் விட்டான். பாங்க்கில் மூன்று லட்சம். இரண்டு கிரெடிட் கார்டில் ஒண்ணே முக்கால். செல்போன் தவணை. அம்மாவின் வளையல் அடகில். அப்புறம் 'சில்லறை'. ஒரு கையில் விரல் தீர்ந்து அடுத்த கைக்குப் போனபோது ஆறு லட்சம் ஆகியிருந்தது.

"கட்டாம போயிட்டா என்ன ஸார் ஆகும்? என் ஃப்ரெண்டு சொல்றான், மூணு வருஷம் தாக்குப் பிடிச்சா போதுமாம். கடன் எக்ஸ்பயரி ஆயிடுமாம்."

இருமல் மருந்து பாட்டில் பற்றிப் பேசுவது போலச் சொன்னான்.

அடுத்த நிமிஷம் பெட்டி முழுக்க நீதிபதிகள். "மல்லையாவையே ஒண்ணும் பண்ண முடியலை, தம்பியை என்ன பண்ணிடுவான்?" என்றார் டிபன் பை வைத்திருந்தவர். "ஏர்போர்ட்ல கம்ப்யூட்டர்ல தட்டினா உடனே சிவப்பு லைட் எரியும், கையோட விலங்கு" என்றார் பேப்பரை மடித்தவர். "அதெல்லாம் ஒண்ணும் எரியாது, என் மச்சான் போகலையா?" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். மடியில் சூட்கேஸைப் படுக்கவைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்த நால்வரில் ஒருவர் மட்டும், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஷூரிட்டி யாரு?"

பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பாங்க் லோனுக்கு மாமா" என்றான். சிங்கப்பெருமாள்கோயில் வந்தது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள்.

மல்லையா கேஸை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் டிபன் பைக்காரர் என்னை விடமாட்டார். 2016 மார்ச் 2-ஆம் தேதி அவர் லண்டனுக்குக் கிளம்பினார். பின்னாலேயே கடனும் கிளம்பியது. பெங்களூர் கடன் வசூல் தீர்ப்பாயம் 2017 ஜனவரியில் கொடுத்த தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு, ஸ்டேட் பாங்க் தலைமையில் 13 பாங்குகள் லண்டன் ஐகோர்ட்டுக்குப் போயின. உலகம் முழுக்க அவர் சொத்துக்கு விழுந்த பூட்டைத் திறக்க முடியாது என்று 2018 மே மாதம் அந்தக் கோர்ட் சொன்னது. 2021 ஜூலை 26-ல் அவரைத் திவால் என்றே அறிவித்துவிட்டது. இதற்கு நடுவில் தப்பி ஓடிய பொருளாதாரக் குற்றவாளிகளுக்கென்று 2018-ல் நம் பார்லிமெண்ட் தனிச் சட்டம் போட்டது. 2019 ஜனவரியில் அதன்படி அந்தப் பட்டத்தையும் முதல் ஆளாக வாங்கினார். அந்தச் சட்டத்துக்குள் நுழைய குறைந்தபட்சம் 100 கோடி ரூபாய் விவகாரம் வேண்டும். நம்ம பையனுக்கு இன்னும் 99 கோடியே 94 லட்சம் போதவில்லை.

ஆகவே மல்லையாவை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவனை என் வக்கீல் நண்பரிடம் அழைத்துப் போனேன். செங்கல்பட்டு கோர்ட்டில் முப்பது வருஷமாகக் கறுப்பு கோட்டு வெளுக்க உழைத்தவர். ஃபீஸ் கேட்கமாட்டார். பதிலுக்கு அவர் பேசுவதை முழுக்கக் கேட்கவேண்டும். இரண்டில் எது செலவு குறைவு என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"மூணு வருஷம்னு எவன் சொன்னான்?" என்று ஆரம்பித்தார்.

"ஃப்ரெண்டு ஸார்."

"பாதி சொல்லியிருக்கான். 1963-ஆம் வருஷத்து லிமிடேஷன் சட்டம். சாதாரணக் கடனுக்குக் கேஸ் போட மூணு வருஷம்தான் கெடு. அது வாஸ்தவம். அதே சட்டத்துல பதினஞ்சாவது பிரிவுக்கு அஞ்சாவது உட்பிரிவு ஒண்ணு இருக்கு. அதை எவனும் படிக்கறதில்லே. கேஸ் போடவேண்டிய ஆள் இந்தியாவுல இல்லாத காலத்தை அந்தக் கணக்குல சேர்க்கக் கூடாது."

பையன் விழித்தான்.

"புரியலையா? நீ பேசாம திருக்கழுக்குன்றத்துல போய் ஒளிஞ்சுக்கோ, கடியாரம் ஓடும். துபாய்ல ஒளிஞ்சா நின்னுடும். ஆறு மாசம் பாக்கி வெச்சிட்டு ஃப்ளைட் ஏறினேன்னு வை. பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் உனக்கு ஓடினது ஆறு மாசம்தான். மீதி ரெண்டரை வருஷம் நீ மீனம்பாக்கத்துல இறங்கின அன்னிக்குத்தான் ஓட ஆரம்பிக்கும். நடுவுல தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு மாசம் லீவுல வந்தியா, அந்த ஒரு மாசம் ஓடும். வட்டி மட்டும் நிக்காம ஓடும், அதுக்கு லீவே கிடையாது."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரைக்குக் கடியாரத்தை நிறுத்தும் சக்தி உண்டென்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

"அதோட நீ அங்கேருந்து 'பொங்கலுக்குள்ள கட்டிடறேன்'னு கையெழுத்து போட்டு ஒரு லெட்டர் எழுதினா, கெடு முடியறதுக்கு முன்னாடின்னா, அன்னியிலேர்ந்து மறுபடி மூணு வருஷம் புதுசா ஆரம்பிக்கும். ஈ-மெயிலையே கோர்ட் ஒத்துக்கிட்டிருக்கு. பணத்துல ஒரு பகுதி கட்டினாலும் அப்படித்தான்."

"அப்ப கேஸ் போடறதுக்கு நான் திரும்பி வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுவாங்களா ஸார்?" பையன் குரலில் லேசாக நம்பிக்கை.

"எதுக்கு வெயிட் பண்ணணும்? 20 லட்சத்துக்குக் கீழே, அதனால சிவில் கோர்ட். உன் பழைய விலாசத்துக்கு சம்மன் வரும். நீ இல்லே. கோர்ட் உத்தரவு வாங்கி வீட்டுக் கதவுல ஒட்டுவாங்க, இல்லே பேப்பர்ல போடுவாங்க. அப்பவும் நீ வரலேன்னா ஒருதலைப்பட்சமா டிக்ரி. டிக்ரி கையில வந்துட்டா அதை நிறைவேத்த பன்னிரண்டு வருஷம் டயம். கதவுல ஒட்டின பேப்பரை யாரு படிப்பாங்க?"

"அப்பா" என்றான் பையன். "அவருக்கு பி.பி. ஸார்."

வக்கீல் இந்த இடத்தில் தண்ணீர் குடித்தார். அனுபவஸ்தர். எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கினவனும் கடன்காரன். யார் யாரைப் பார்த்து ஓடுகிறான் என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். இந்த ஓட்டத்துக்கும் சட்டம் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறது. 'மஞ்சக் கடுதாசி' என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அந்தச் சமாசாரம். சென்னைக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டம். செங்கல்பட்டு மாதிரி ஊர்களுக்கு 1920-ஆம் வருஷத்து மாகாண இன்சால்வன்ஸிச் சட்டம். இந்த இரண்டும் தனிமனிதர்களுக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. எதெல்லாம் திவால் காரியம் என்று 1920 சட்டத்தின் ஆறாவது பிரிவு பட்டியல் போடுகிறது. கடன் கொடுத்தவனுக்கு டிமிக்கி கொடுக்கும் நோக்கத்தோடு நாட்டை விட்டுப் போவது அல்லது வெளியிலேயே தங்கிவிடுவது ஒன்று. வீட்டை விட்டோ வியாபார இடத்தை விட்டோ நழுவுவது இன்னொன்று. மூன்றாவதுதான் அபாரம். கடன் கொடுத்தவன் பேசவே முடியாதபடி எங்காவது முடங்கிக் கிடப்பது!

அதாவது, கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பா ஊர்ல இல்லேன்னு சொல்லச் சொன்னார்" என்று குழந்தையை அனுப்புகிறோமே, அதற்கு நூறு வருஷமாகச் சட்டத்தில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருப்பானோ என்று சந்தேகம். கடன் 500 ரூபாய் இருந்தாலே, மூன்று மாதத்துக்குள் கடன் கொடுத்தவர் மனு போடலாம்.

வெள்ளைக்காரனுக்குக் கடன் சாஸ்திரம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. நம்ம செங்கல்பட்டுச் சீமையே கணக்குத் தீர்க்கக் கைமாறியதுதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு யுத்தச் செலவு பாக்கி வைத்திருந்த ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, 1763-ல் இந்தச் சுற்று வட்டாரத்தைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார். அது போக, கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தனித்தனியாகவும் நவாப்புக்கு வட்டிக்கு விட்டார்கள். அதில் பெரிய கை பால் பென்ஃபீல்ட். நவாப்பின் கடன் விவகாரம் 1785-ல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் பொரிந்து தள்ளும் அளவுக்குப் போனது. நவாப் எங்கும் ஓடவில்லை. வட்டிக்கு விட்ட பென்ஃபீல்ட்தான் பிற்பாடு லண்டனில் தொழில் நொடித்து, 1810-ல் பாரிஸில் காசில்லாமல் செத்துப்போனார். வக்கீல் நண்பர் இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு தேஜஸ் வரும். நான் ஏழாவது தடவையாகக் கேட்டேன்.

"போலீஸ் வருமா ஸார்?" என்றான் பையன். அவன் கவலை அவனுக்கு.

"கடனைக் கட்டலேங்கறதுக்காக மட்டும் வராது. அது சிவில் விவகாரம். 1980-ல கிருஷ்ணய்யர் சுப்ரீம் கோர்ட்ல சொல்லிட்டார். கொச்சி பாங்க் கேஸ். இல்லாத ஏழையைக் கடனுக்காக ஜெயில்ல போடக் கூடாது. ஆனா வெச்சுக்கிட்டே கொடுக்காதவன் வேற. நீ ஊரை விட்டு ஓடப்போறேன்னு தெரிஞ்சு பாங்க் முந்திக்கிட்டா, தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே உன்னைப் பிடிச்சு வந்து ஜாமீன் கேக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 38."

"ஏர்போர்ட்ல சிவப்பு லைட்?"

"லுக் அவுட் சர்குலரா? 2018-லேர்ந்து அரசு பாங்க் தலைவர்களே அதைக் கேட்டு வாங்கற மாதிரி வெச்சிருந்தாங்க. அந்த அதிகாரம் செல்லாதுன்னு 2024 ஏப்ரல்ல பம்பாய் ஐகோர்ட் சொல்லிடுச்சு. ஆறு லட்சத்துக்கு உன்னை யாரும் ஏர்போர்ட்ல தேடப்போறதில்லே. அந்த அளவுக்கு உனக்கு அந்தஸ்து பத்தாது. ஆனா கிரிமினல் கேஸ்னு ஒண்ணு இருந்தா கதையே வேற. செக் கொடுத்திருக்கியா?"

"இல்லே ஸார். மாசா மாசம் அக்கவுண்ட்லேர்ந்து தானா போயிடும்."

"அதுவும் செக் மாதிரிதான். செக் திரும்பினா 138-ஆவது பிரிவு. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், தொகையில ரெண்டு மடங்கு வரை அபராதம். தானா எடுத்துக்கற தவணை திரும்பினாலும் 2007-ஆம் வருஷத்துச் சட்டத்துல 25-ஆவது பிரிவுப்படி அதே தண்டனை. நோட்டீஸ் வந்து பதினஞ்சு நாள்ல கட்டலேன்னா கேஸ். நீ ஆஜராகலேன்னா வாரண்ட். வாரண்ட் இருந்தா பாஸ்போர்ட்டையே முடக்கலாம். அங்கே ரினியூவலுக்குப் போய் நிக்கும்போதுதான் தெரியும். லோன் வாங்கும்போது சம்பளச் சீட்டைக் கிட்டத் திருத்தினியா?"

"ஐயையோ, இல்லே ஸார்!"

"நல்லது. திருத்தியிருந்தா ஃபோர் ட்வென்டி." கொஞ்சம் யோசித்துத் திருத்திக்கொண்டார். "இல்லே, இப்ப அது 318."

2024 ஜூலை 1-ஆம் தேதி புதுச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து மோசடிக்கு நம்பர் மாறிவிட்டது. 420-ஐ எடுத்துவிட்டார்கள். 'அவன் ஒரு த்ரீ எய்ட்டீன்' என்று சொன்னால் திட்டிய மாதிரியே இல்லை. ஏதோ பஸ் ரூட் மாதிரி இருக்கிறது.

பையனிடம் இன்னொரு திட்டமும் இருந்தது. துபாயில் சேர்ந்த கையோடு அங்கே ஒரு லோன் போட்டு, இங்கே கட்டிவிட்டு, இரண்டு வருஷத்தில் ஊருக்கு வந்துவிடுவது. அந்தக் கடனை அங்கேயே விட்டுவிடுவது! ஒரு தலையிலிருந்து எடுத்து இன்னொரு தலையில் வைப்பதை அக்கவுண்ட்ஸ் படித்தவர்கள் எவ்வளவு சுலபமாகச் செய்கிறார்கள்!

வக்கீல் இதற்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். 2009 வாக்கில் துபாய் ஏர்போர்ட்டில் அனாதையாக நின்ற கார்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தள்ளினவே, நினைவிருக்கிறதா? தவணை கட்ட முடியாதவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள் என்று. அப்போது அங்கே செக் திரும்பினால் நேராக ஜெயில். 2022 ஜனவரி 2-லிருந்து பணமில்லாமல் திரும்பும் செக் பெரும்பாலும் கிரிமினல் இல்லை என்று மாற்றினார்கள். அதற்குப் பதிலாக, செக்கை வைத்துக்கொண்டே நேராக வசூல் உத்தரவுக்குப் போகலாம் என்று வழி திறந்துவிட்டார்கள். பத்தாயிரம் திர்ஹாமுக்கு மேல் பாக்கியிருந்தால் நாட்டை விட்டுப் போகத் தடை கேட்கலாம்.

"தடை விழறதுக்கு முன்னாடி வந்துட்டா?"

"வா. 2020 ஜனவரி 17-ஆம் தேதி நம்ம சர்க்கார் கெஜட்ல போட்டாச்சு. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் கோர்ட் கொடுக்கற பணத் தீர்ப்பை நம்ம ஊர் ஜில்லா கோர்ட்லயே, நம்ம தீர்ப்பு மாதிரியே நிறைவேத்தலாம். சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து எல்லாம் அந்தப் பட்டியல்ல ரொம்ப நாளா இருக்கு. அமெரிக்கா, கனடா இல்லே. அங்கேருந்து தீர்ப்பு வந்தா இங்கே புதுசா கேஸ் போடணும், அவ்வளவுதான் வித்தியாசம். குவைத் சமாசாரம் படிச்சியா? 2024 டிசம்பர்ல ஒரு குவைத் பாங்க் கேரளா போலீஸ்கிட்டயே வந்து நின்னுது. சுமார் 1,400 பேர், சுமார் 700 கோடி பாக்கின்னு. நிறைய பேர் நர்ஸுங்க. லோன் வாங்கிட்டு வேற நாட்டுக்கும் ஊருக்கும் கிளம்பிட்டாங்கன்னு புகார். கோட்டயத்துலயும் எர்ணாகுளத்துலயும் எஃப்.ஐ.ஆர். போட்டாங்க."

பையன் கைக்குட்டையை எடுத்து விபூதியோடு சேர்த்து நெற்றியைத் துடைத்தான். "மாமாவுக்கு என்ன ஸார் ஆகும்?" என்றான். அரை மணி நேரத்தில் அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி. ரம்மிக்காரர் முதல் நிமிஷத்திலேயே கேட்டது.

"மாமா எங்கே இருக்கார்?"

"மகாபலிபுரம். சிற்பி."

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அவரை நேர்ல பார்த்துடுவோம். பஸ் சார்ஜ் யாருது?"

பஸ் சார்ஜ் என்னுடையது.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். மலை உச்சியில் உச்சி வேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து சோறு தின்றுவிட்டுப் போன ஊர். அவை வருவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் சரியான நேரத்துக்கு வீடு தேடி வருகிறவர் ரெகவரி ஏஜெண்ட் ஒருவர்தான். காலை எட்டு மணிக்கு முன்னாலும் ராத்திரி ஏழு மணிக்குப் பின்னாலும் போன் பண்ணித் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்க் உத்தரவு போட்டது. கழுகுகள் அப்படி எந்த உத்தரவும் இல்லாமலே ஒழுங்காக இருந்தன.

மகாபலிபுரத்தில் இறங்கினால் பக்கத்திலேயே அர்ச்சுனன் தபசு. லட்சம் பேர் பார்க்கிறார்கள், யானையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை ஒற்றைக் காலில் கையைத் தூக்கி நின்று தவம் செய்கிறது. காலடியில் எலிகள் பக்தியோடு சுற்றி நிற்கின்றன. "ஸார், உங்களுக்கு லோன் ஏற்கெனவே அப்ரூவ் ஆயிடுச்சு" என்று மத்தியானத் தூக்கத்தில் போன் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனை முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

மாமாவின் பட்டறை தென்னங்கீற்றுக் கொட்டகை. தலைமுடி, புருவம், கைலி எல்லாம் கல் மாவு. நாலடிப் பிள்ளையார் ஒன்று பாதி வரை வெளியே வந்திருந்தார். தும்பிக்கை வரவில்லை.

"டேய், வாடா! துபாய்க்காரன்!" என்றவர், கூட வந்த கறுப்பு கோட்டைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்தார்.

வக்கீல் சுற்றி வளைக்காமல் சொன்னார். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் சாட்சிக்குத்தானே போட்டேன்?" என்றார். பையன் பிள்ளையாரைப் பார்த்தான்.

இங்கே வாசகர்கள், முக்கியமாக ஆபீஸில் 'ஒரு சின்னக் கையெழுத்து, சும்மா ஃபார்மாலிட்டி' என்று பேப்பரோடு வரும் சிநேகிதர்களைக் கொண்டவர்கள், கொஞ்சம் நின்று படிக்கவேண்டும். சாட்சிக் கையெழுத்து வேறு, ஜாமீன் கையெழுத்து வேறு. சாட்சி போட்டவர் என்றைக்காவது கூண்டில் ஏறி 'ஆமாம், என் எதிரேதான் போட்டார்' என்று சொன்னால் போதும். ஜாமீன் போட்டவர் கடன் வாங்கியவருக்குச் சமம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு. முதலில் அவனைத் தேடு, துபாயில் போய்ப் பிடி, கிடைக்காவிட்டால் என்னிடம் வா என்று சொல்ல அவருக்கு வழியில்லை. பாங்க் நேராக அவரிடமே வரலாம் என்று சுப்ரீம் கோர்ட் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டது. மாப்பிள்ளை விமானம் ஏறினால், ஜாமீன் போட்டவர்தான் மாப்பிள்ளை. அவர் இந்தியாவில் இருப்பதால் அவருடைய கடியாரம் மட்டும் நிற்பதில்லை. அது அவருக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். அது ஓடி முடிவதற்குள் கேஸ் போட்டுவிடவேண்டும் என்று பாங்க் அவரிடம்தான் அவசரப்படும்.

மாமா கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "இதையெல்லாம் எடுத்துட்டுப் போயிடுவாங்களா?"

"உளியைத் தொட முடியாது" என்றார் வக்கீல். "சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவு. தொழிலாளியோட கருவியை ஜப்தி பண்ணக் கூடாது. சமைக்கற பாத்திரம், படுக்கை, கட்டின துணி, அம்மா கழுத்துத் தாலி, எதையும் தொடக் கூடாது."

"கல்லு?"

"கல்லு... அது சரக்கு. அதை எடுக்கலாம்."

"கல்லு இல்லாம வெறும் உளியை வெச்சு நான் என்ன ஸார் பண்றது, பல்லு குத்தறதா?"

வக்கீலுக்கு முப்பது வருஷ சர்வீஸில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததில்லை போலிருக்கிறது. "நீங்க கட்டிட்டு, இவன் மேல கேஸ் போடலாம்" என்றார் சமாதானமாக. "கட்டின ஜாமீன்தாரர் பாங்க் இருந்த இடத்துக்கு வந்துடுவார். துபாய்ல இருக்கற வரைக்கும் உங்க கேஸுக்கும் கடியாரம் நிக்கும்."

"அக்கா பையன் மேலயா?" என்றார் மாமா. வக்கீல் மறுபடி தண்ணீர் கேட்டார்.

அதற்கப்புறம் நடந்தது சட்டம் இல்லை, கணக்கு. மாமா ஒரு கரித்துண்டை எடுத்து, செதுக்காத கல்லின் மேலேயே எழுத ஆரம்பித்தார். துபாய்ச் சம்பளம் நம் ரூபாயில் கிட்டத்தட்ட எண்பதாயிரம். ரூம் வாடகை, சாப்பாடு போக எவ்வளவு? பாங்க் தவணை எவ்வளவு? கார்டுக்கு மாதம் மூன்றரை வட்டி என்றதும் எழுதுவதை நிறுத்தி, "மாசத்துக்கா, வருஷத்துக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். "அதை முதல்ல கட்டு. என்கிட்ட கோயில் வேலை அட்வான்ஸ் கொஞ்சம் இருக்கு. அதை நீ எனக்குத் தா, நிதானமா."

வக்கீல் பங்குக்குச் சொன்னவை: கிளம்புவதற்கு முன் பாங்க்குக்கு எழுத்தில் துபாய் விலாசம் கொடு. தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டச் சொல்லிக் கேள். வேலை உத்தரவைக் காட்டிக் கேட்கிறவனை மானேஜர் உட்காரச் சொல்வார். வெளிநாடு போனால் உன் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். மாற்றும்போது தவணை பிடிக்கிற ஏற்பாடு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள். கையில் பணம் இருந்தும் தவணை திரும்பி, 25-ஆவது பிரிவில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கார்டு கம்பெனி 'பாதி கொடு, முடித்துக்கொள்ளலாம்' என்று கூப்பிட்டால் முடிந்தவரை முழுசாகக் கட்டு. பாதி கொடுத்து முடித்தால் சிபில் ரிக்கார்டில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்த லோன் கேட்கும்போது அந்த ஒரு வார்த்தை எழுந்து நிற்கும். ஒன்றுமே முடியாத நிலை வந்தால் லோக் அதாலத். அங்கே பேசி முடித்ததற்கு மேல் அப்பீல் கிடையாது, இரண்டு தரப்புக்கும்.

"அஞ்சாம் தேதி கட்டணும். கட்டின சீட்டை எனக்கு வாட்ஸ்அப்ல போடணும்" என்றார் மாமா. "ஆறாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். ஏழாம் தேதி உளியை வெச்சுட்டு உங்க அம்மாவைப் பார்க்க செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுவேன்."

லிமிடேஷன் சட்டத்துக்குக் கூட அவ்வளவு அசையாமல் உட்கார்ந்திருக்காத பையன், இதற்கு எழுந்து நின்று தலையாட்டினான்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். கல்லின் மேல் கரியில் ஆறு லட்சம் நிற்க, அதற்குக் கீழே மாமா தும்பிக்கைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

பையன் போய்விட்டான். நேற்று ரயிலில் அவன் ஸீட்டில் வேறு யாரோ. பரனூர் தாண்டியதும் ரம்மிக்காரர் சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தத் துபாய் தம்பி?"

"போயாச்சு. அஞ்சாம் தேதி கட்டிட்டானாம். மாமா போன் பண்ணினார்."

"எத்தனை மாசம் ஆச்சு?"

"இதான் முதல் மாசம்."

அவர் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு போட்டு முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை.

"எங்க ஆள் கனடா" என்றார். "என் சம்பளத்துல பிடிக்கறாங்க. இன்னும் பதினோரு மாசம் இருக்கு. யாருப்பா, முதல் ஆட்டம் நீதானே?"